புதூரும் புதியோரும்

ஊரின் பெயர்

தென்காசி ஜில்லாவிலே, சுரண்டைக்கு அண்மையில், வீரகேரளம்புதூர் என்னும் ஊர் உள்ளது. ஒரு தாலுகாவின் தலைமையிடமாகிய இவ்வூரின் பெயரைப் பஸ் வண்டிகளின் நெற்றிப் பலகையிலும் அரசாங்கக் காகிதங்களிலும் நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அதன் பொருளை நின்று எண்ணியவர் சிலரே. ‘வீரகேரளன்’ என்பது மேற்கு மலைக்கு அப்பால் ஆண்ட மன்னர் பூண்ட பெயர்களுள் ஒன்று. ‘புதூர்’ என்பது புதிதாக அமைந்த ஊர். மலைக்கு மேற்கே வழங்கிய அரசப் பெயரும், வேறிடத்தினின்று வந்து குடியேறினாருடைய செயலும் கூடி இவ்வூருக்குப் பெயராயின. இன்று ‘எங்கள் ஊர்’ என்று நாம் உரிமையோடு கூறும் இடம், ஒரு காலத்தில் வந்தவர்களின் குடியிருப்பாக இருந்தது என்பதற்கு இப்பெயரே சான்று.

வெளியூராரை மதித்த வரலாறும் இவ்வூருக்கு உண்டு. ஊற்றுமலை ஜமீன்தார்களின் அரண்மனை இங்கேதான் அமைந்தது. அந்த ஜமீனை ஆண்ட இருதாலய மருதப்பத் தேவர், காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்துப் போற்றினார் என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். வெளியூரிலிருந்து வந்த புலவருக்கு அவையில் ஆசனம் கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்து சுவர் எழுப்பிய கொத்தனுக்கு ஊரில் என்ன இடம் கிடைத்தது என்று நாம் கேட்பதில்லை.

அக்கேள்வியைக் கேட்கவேண்டிய காலம் வந்துள்ளது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளிற் போலவே நம் பகுதியிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்து, கட்டிடவேலையிலும் செங்கற்சூளையிலும் உணவுவிடுதிகளிலும் உழைக்கின்றனர். நம் இளைஞரோ கேரளத்திற்கும் பம்பாய்க்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். ஒரே தெருவில் ஒரு வீடு பிள்ளையை வழியனுப்புகின்றது. எதிர் வீடு பிறர் பிள்ளைக்கு வாடகைக்கு விடப்படுகின்றது. ஒருவர் ஓர் ஊரில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, அவ்வூர் நீரைப் பருகி, அவ்வூர் வேலையைச் செய்வாராயின், அவ்வூர்க் காரியங்களை ஆராயும் இடத்தில் அவருக்கு என்ன பங்கு உண்டு? இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த விஷயம் அதுவே.

விருந்தும் குடியும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றுக் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபொழுது, வேலையும் கூலியும் இழந்த வெளிமாநிலத் தொழிலாளர் வழியிலே தவித்ததை நாம் கண்டோம். அக்காலத்தில் ‘விருந்தினர் தொழிலாளர்’ என்னும் தொடர் நம்மிடையே வழக்கிற்கு வந்தது. மலையாளிகளும் ‘அதிதி’ என்னும் சொல்லை அவர்களுக்கு வழங்கினர். இஃது இனிய சொல். தமிழில் ‘விருந்து’ என்பதற்குப் புதுமை என்னும் பொருள் பழமையானது. புதிதாக வந்தவர் ஆதலாலேயே வந்தவரும் விருந்து எனப்பட்டார். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆகவே புதூருக்கும் விருந்துக்கும் சொல்லளவில் உறவுண்டு.

ஆயினும் விருந்தினர்க்கு ஓர் எல்லையுண்டு. விருந்தினருக்கு இலை போடுவோம். வீட்டுக் கணக்கைக் காட்டமாட்டோம். கூரை ஒழுகுவதை எப்பொழுது மாற்றுவது, கிணற்றை எங்கே தோண்டுவது என்று அவரைக் கேட்கமாட்டோம். கேட்பதும் முறையன்று, அவர் நாளை சென்றுவிடுவார். பத்தாண்டு தங்கியவரையும், இங்கேயே பிள்ளைகளைப் பெற்றுப் பள்ளிக்கு அனுப்புகின்றவரையும் ‘விருந்தினர்’ என்று கூறுவோமாயின், அச்சொல் மரியாதையின் பெயரால் அவரை வாயிலிலேயே நிறுத்திவிடும். விருந்து எந்நாளில் குடியாக மாறுகின்றது என்பதை வகுத்துக்கொள்ளாத ஊர், தன்னுள்ளே இரண்டு ஊர்களை வளர்க்கின்றது.

பழைய சபையின் வாயில்

நம் முன்னோரின் ஊராட்சியைப் பற்றிப் பேசுங்கால் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை யாவரும் எடுத்துக்காட்டுவர். முதற் பராந்தக சோழனுடைய காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விவரிக்கின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது என்னும் விதி இக்காலத்தாரும் மேற்கொள்ளத்தக்கது. ஆனால் அதே கல்வெட்டு, காணியாகக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் கட்டிய வீடும் உடையவனே வாரியத்திற்கு உரியவன் என்றும் கூறுகின்றது. நிலமில்லாதவன் அவ்வாயிலுள் நுழைய இயலாது. வெளியூரிலிருந்து வந்து கூலிக்கு உழைத்தவனைக் குறித்துக் கேட்கவே வேண்டுவதில்லை.

நம் பகுதியில் குடிமராமத்து என்னும் ஏற்பாடு இருந்தது. குளத்தின் கரையையும் கால்வாயையும் மடையையும் பாசனக்காரர் கூடிப் பழுதுபார்த்தனர். 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இவ்வழக்கம் பற்றிய சட்டமும் இயற்றப்பட்டது. இதன் அடிப்படை நேரியது: நீரால் பயன் பெறுவோர் கரைக்கு மண் சுமக்கவேண்டும், மண் சுமப்போர் நீர்ப்பங்கீட்டில் சொல்லுடையவர். ஆயினும் அங்கும் மண் சுமந்தோர் அனைவர்க்கும் சொல் கிடைத்ததில்லை. ஊரின் மிகக் கடினமான வேலையைச் செய்த மக்கள் சேரியில் ஒதுக்கப்பட்டு, ஊர்க்கூட்டத்திற்கு வெளியே நின்றனர். அவர்கள் வெளிமாநிலத்தினின்றும் வந்தவரல்லர்; தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் பிறந்தவர்களே. எனவே ஊரார் யார் என்பதைப் பிறப்பும் நெடுநாள் வாழ்க்கையும் மாத்திரம் தீர்மானித்ததில்லை. உள்ளே இருப்போர் வாயிலை எவ்வளவு திறந்தார்கள் என்பதே தீர்மானித்தது. இக்குறையை நினைவிற்கொண்டே நாம் புதியோரைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.

மலைநாடு கற்பிக்கும் பாடம்

நிற்க. ஊர்ச் சபையினின்றும் ஒரு கூட்டத்தாரை விலக்கினால் என்ன நேரும் என்பதை ஊகித்து அறியவேண்டுவதில்லை. நம்மவர்க்கே நேர்ந்த கதை ஒன்று உண்டு. அதனை இலங்கையின் மலைநாட்டிலே காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே காப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தபொழுது, திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி முதலிய ஜில்லாக்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே கடல் கடந்து சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலையேறியோர் பலர்; தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறியோர் பலர். 1854ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரிடையே தமிழ் மிஷன் தொண்டு தொடங்கப்பட்டபொழுது, திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து உபதேசியார்கள் அங்கே சென்று ஊழியம் செய்தனர். ஆதலால் மலைநாட்டு மக்களின் கதை நமக்குப் பிறர் கதையன்று.

தோட்டத்தில் அவர்கள் ‘லயம்’ எனப்பட்ட நீண்ட வரிசைக் கூடங்களில் குடியிருந்தனர். மருந்தும் அரிசியும் தபாலும் தோட்டத்துரையின் வழியாகவே வந்தன. தோட்டத்திற்கு வெளியே சிங்களக் கிராமங்கள் இருந்தன. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அக்கிராமங்களின் பழைய சங்கங்களைப் புதுப்பித்தது. பாதை, கிணறு, சந்தை முதலிய காரியங்கள் அச்சங்கங்களின் கையில் இருந்தன. 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கையில் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. சட்டசபைத் தேர்தலில் தோட்டத் தமிழருள் ஒரு பகுதியினர், நிலையாக வசிப்பதை மெய்ப்பித்து வாக்குப் பெற்றனர். ஆனால் கிராமச் சங்கங்களைப் பற்றிய 1937ஆம் ஆண்டுத் திருத்தம், தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளர்க்கு அச்சங்கங்களின் தேர்தலில் வாக்கில்லை என்று விலக்கியது. முதலில் இந்தியத் தொழிலாளர் என்றே வரையப்பட்ட விதி, எதிர்ப்பு எழுந்தபின் எல்லாத் தோட்டத் தொழிலாளரையும் குறிக்குமாறு மாற்றப்பட்டது. சொல் மாறிற்று, விலக்கப்பட்டவர் பெரும்பாலும் தமிழராகவே இருந்தனர்.

சிங்களக் குடியானவர்களின் கட்சியையும் நாம் கேட்கவேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் அவர்களுடைய மேய்ச்சல் நிலமும் காடும் அரசாங்கத்திற்குச் சேர்ந்தன. பின்னர்த் தோட்டக்காரர்க்கு விற்கப்பட்டன. நிலத்தை இழந்தவர்கள், அந்நிலத்தில் வேலைசெய்ய வந்தவர்களின் தொகையைக் கண்டு, தங்கள் கிராமச் சங்கமும் கைநழுவிப் போகுமோ என்று அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் நிலத்தைப் பறித்தவன் கூலியல்லன். பறித்தவன்மேல் செல்லவேண்டிய கோபம், பக்கத்தில் நின்றவன்மேல் சென்றது. குடியேற்றத்தைப் பற்றிய வழக்குக்களில் எந்நாட்டிலும் இப்பிழை நேர்வதைக் காண்கின்றோம்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், தேர்ந்தெடுக்கப்பட்ட 95 ஸ்தானங்களுள் 7 ஸ்தானங்களை இலங்கை இந்தியன் காங்கிரஸ் பெற்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்ததாக மெய்ப்பிக்குமாறு கேட்டது. லயத்தில் பிறந்தவர்க்குப் பிறப்புச் சீட்டு ஏது? 1949ஆம் ஆண்டில் வாக்குரிமையும் பிரஜைகளுக்கே என்று வரையறுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறுவதற்கென வேறொரு சட்டமும் வந்தது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் விண்ணப்பித்தும், 1 லட்சத்து 34 ஆயிரம் பேரளவிலேயே அதனைப் பெற்றனர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9 லட்சத்து 75 ஆயிரம் மக்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டது: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974ஆம் ஆண்டில் பாதியாகப் பகுத்தனர். யாரைப் பங்கிட்டார்களோ அவர்கள் அந்த மேசையில் அமரவில்லை. 1947ஆம் ஆண்டுக்குப்பின் மக்கள் வாக்கினாலே மலைநாட்டுத் தமிழர் ஒருவர் மீண்டும் பாராளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு நுவரெலியாவிலிருந்து சென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். நாடற்றவராக எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை கிடைத்தது.

இக்கதையில் மாணவர் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது அதன் கடைசிப் பகுதி. 1987ஆம் ஆண்டில் பிரதேச சபைகள் ஏற்பட்டன. அதற்குள் தோட்ட மக்களிற் பலர் வாக்காளராகியிருந்தனர். ஆயினும் அச்சட்டத்தின்படி சபையின் பொதுப்பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடை நின்றது. தோட்டப் பாதையும் லயத்துக் குழாயும் பொதுச் சொத்தாகக் கருதப்படவில்லை. வாக்குப் போடலாம், உறுப்பினரை அனுப்பலாம், அவ்வுறுப்பினர் தம் வாக்காளர் வசிக்கும் பாதைக்கு ஒரு வண்டி சரளை போட இயலாது! 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டபின்பே அத்தடை நீங்கியது. அவ்வாண்டிலேயே நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய சபைகள் புதிதாகத் தோன்றின.

1937 முதல் 2018 வரை எண்ணினால் ஏறக்குறைய 80 ஆண்டுகள். ஊர்ச் சபையின் வாயிலில் ஒருமுறை சாத்திய கதவைத் திறக்க அவ்வளவு காலம் வேண்டியிருந்தது. கதவு சாத்தப்பட்டபொழுது பெரிய ஆரவாரம் ஏதும் எழவில்லை. கிராமச் சங்கம் ஒரு சிறிய விஷயம் என்றே பலர் எண்ணியிருப்பர். ஆனால் பாதையும் நீரும் பள்ளியும் முகவரியும் அச்சிறிய விஷயத்துள்ளேதான் அடங்கியிருந்தன.

திரும்பி வந்தோர்

ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் தமிழ்நாட்டில் அடைந்த வரவேற்பும் எண்ணத்தக்கது. அங்கே ‘இந்தியர்’ எனப்பட்டவர், இங்கே வந்தவுடன் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். மொழியும் சமயமும் ஒன்றாக இருந்தும் புதியவர் என்னும் பெயர் நீங்கவில்லை. ஆதலால் மொழி வேறுபாடே பிரிவினைக்குக் காரணம் என்பாரது கூற்று முழுதும் பொருந்தாது.

எனினும் இங்கே ஒரு நல்ல ஏற்பாடும் நிகழ்ந்தது. நீலகிரியில் அவர்களுக்கு வேலையளிப்பதற்காக 1968ஆம் ஆண்டில் அரசாங்கத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1969ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென ‘ரெப்கோ’ எனப்படும் கூட்டுறவு வங்கி சென்னையில் நிறுவப்பட்டது. அதில் அரசாங்கங்களோடு தாயகம் திரும்பியோரும் பங்குதாரராயினர். உதவி பெறுவோர் என்ற நிலையோடு அங்கத்தினர் என்ற நிலையும் அவர்களுக்குக் கிடைத்தது. தருமத்திற்கும் கூட்டுறவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தருமம் பெறுகின்றவன் கொடுப்பவனுடைய முகத்தைப் பார்க்கின்றான். அங்கத்தினனோ கணக்கைப் பார்க்கின்றான்.

சட்டம் இடந்தருவது எவ்வளவு

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். வெளிமாநிலத் தொழிலாளர் இந்தியக் குடிமக்கள், நாடற்றவரல்லர். ஆகவே மலைநாட்டு மக்களுக்கு இருந்த பெருந்தடை இவர்களுக்கு இல்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய குடிமகன் ஒருவன் எத்தொகுதியில் சாதாரணமாக வசிக்கின்றானோ அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க உரியவன். தாய்மொழியோ பிறந்த மாநிலமோ கேட்கப்படுவதில்லை. ஆனால் ஒருவன் ஒரே இடத்தில்தான் வாக்காளனாக இருத்தல் கூடும். சொந்த ஊரின் வாக்கை விட்டுவிட்டு இங்கே பதிவுசெய்துகொள்ளப் பலர் விரும்புவதில்லை. அங்கே அவர்களுக்கு நிலமும் பெற்றோரும் உறவும் இருக்கின்றன. விரும்புகின்றவர்க்கும் வாடகை வீட்டிற்குரிய சான்று கிடைப்பது அரிது.

இதன் பயன் என்னவெனில், 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களையே கிராம சபையாக வகுத்திருக்கின்றமையால், பட்டியலில் இல்லாதவர் கிராம சபையின் அங்கத்தினராகார். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த கிராம சபை, 2022ஆம் ஆண்டில் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆறு நாட்களாயிற்று. ஆறு முறை ஊர் கூடுகின்றது. ஊருக்குள் வசித்தும் அங்கே பெயரில்லாதவர் குடிநீரைப் பற்றியோ குப்பையைப் பற்றியோ தம் குறையைக் கூற வழியில்லை. 1979ஆம் ஆண்டில் வெளிமாநிலத் தொழிலாளர்க்கென இயற்றப்பட்ட சட்டம் கூலியையும் வழிச்செலவையும் தங்குமிடத்தையும் பற்றிப் பேசிற்று. ஊர்ச் சபையைப் பற்றிப் பேசவில்லை. அச்சட்டம் கண்டது வேலையாளை; குடியிருப்பவனை அன்று.

ஆனால் திறந்துள்ள வேறொரு வாயிலை நாம் கவனிப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியிற் சேர்ப்பது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை என்று வெளிப்படையாகக் கூறுகின்றது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகின்றது என்று குழந்தையைச் சேர்க்க மறுத்தலாகாது. அச்சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினரிற் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். இங்கே வேண்டுவது பெற்றோர் என்னும் தகுதி. வாக்காளர் பட்டியலில் பெயரில்லாத ஒடிசாத் தாய் ஒருத்தி, தன் குழந்தை பயிலும் அரசாங்கப் பள்ளியின் குழுவில் அமரக்கூடும். ஊரின் காரியத்தில் பங்குகொள்ள இதனினும் இயல்பான தொடக்கம் வேறு யாது?

பிறநாட்டுச் செய்தி ஒன்றையும் ஈண்டு ஒப்பிடலாம். ஸ்வீடன் நாட்டில், அந்நாட்டுப் பிரஜையல்லாதவரும் மூன்றாண்டு வசித்திருந்தால் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்னும் சட்டம் இயற்றப்பட்டு, 1976ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறையாகச் செயற்பட்டது. நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் தேர்தல் வேறு. தெருவிளக்கைத் தீர்மானிக்கும் தேர்தல் வேறு. தெருவில் நடப்பவர் எவரோ அவர்க்கு விளக்கில் சொல்லுண்டு என்பது அவர்கள் கருத்து. பிறநாட்டார்க்கே அவர்கள் இவ்வளவு இடந்தந்தார்களாயின், நம் நாட்டுக் குடிமக்களுக்கு நாம் தரத்தக்கது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

ஆட்சேபங்கள்

இதற்கு மாறாக மூன்று ஆட்சேபங்கள் எழுப்பப்படுகின்றன. முதலாவது, வந்தவர் குறைந்த கூலிக்கு உழைப்பதால் உள்ளூரார் கூலி குறைகின்றது என்பது. இதில் உண்மை இருக்கக்கூடும். ஆனால் சொல்லற்றவனையே குறைந்த கூலிக்கு அமர்த்த முடியும். தன் குறையைக் கூற இடமும், கேட்க ஆளும் உள்ளவன் எளிதில் ஏமாற்றப்படான். ஆதலால் அவனுக்குச் சொல் கிடைப்பது உள்ளூர்த் தொழிலாளிக்கும் காப்பாகும்.

இரண்டாவது, அவர்களால் குற்றம் பெருகும் என்னும் அச்சம். அச்சம் எப்படிப் பரவுகின்றது என்பதை 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்டோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான படக்காட்சிகள் கைப்பேசிகளில் பரவின. தொழிலாளர் அஞ்சினர், பீகார் அரசாங்கம் குழுவொன்றை அனுப்பிற்று, பொய் பரப்பியோர்மீது போலீசார் வழக்குத் தொடுத்தனர். ஒரே ஊரில் வாழ்வோர் ஒருவரோடொருவர் பேசும் வழக்கமிருந்தால், அடுத்த தெருவில் நடந்ததாகச் சொல்லப்படுவதை அடுத்த தெருவிலேயே கேட்டுத் தெளியலாம்.

மூன்றாவது, மொழி. இதற்கு மலைக்கு அப்பாலே ஒரு மறுமொழி உண்டு. கேரளத்தில் சுவர் எழுப்பவும் மண் வெட்டவும் ஒரு காலத்தில் சென்றவர் நம்மவர்; அவ்விடத்திற்குப் பின்னர் வங்காளத்தாரும் அஸ்ஸாமியரும் ஒடியரும் வந்தனர். 2013ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அவர்களுடைய தொகையை 25 லட்சம் என மதிப்பிட்டது. 2017ஆம் ஆண்டில் அம்மாநில எழுத்தறிவு இயக்கத்தார் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’, அதாவது நண்பன், என்னும் பெயரால் அவர்களுக்கு மலையாளம் கற்பிக்கத் தொடங்கினர். அதற்கென ‘ஹமாரி மலையாளம்’ என்னும் பாடநூலும் வெளியிட்டனர். ‘நம் மலையாளம்’ என்று பொருள்படும் அப்பெயரை அவர்கள் இந்தியில் வைத்ததே ஒரு பாடம். மொழி தெரியாதவனை வெளியே நிறுத்தினால் அவன் என்றும் மொழி கற்கமாட்டான். உள்ளே அழைத்தால் கற்பான்.

இவ்வாட்சேபங்களை எழுப்புங்கால் நம் பழைய நினைவு ஒன்றையும் மறத்தலாகாது. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபொழுது, வேலையைப் பறிக்க வந்தவர், மொழியறியாதவர் என்று அங்கே நம்மவரைப் பற்றியே கூறினர். தாராவியின் சந்துகளில் வாழ்ந்த திருநெல்வேலிக் குடும்பங்கள் அச்சொற்களைக் கேட்டன. அன்று நமக்குக் கசந்த சொல் இன்று நம் வாயில் இனிக்குமா?

நாம் செய்யத்தக்கவை

கல்லூரி மாணவர் சட்டம் இயற்றுவோரல்லர். எனினும் செய்யத்தக்கவை பல உள. இங்கேயே நிலைத்து வாழ விரும்பும் தொழிலாளிக்கு வாக்காளர் பட்டியலுக்குரிய படிவத்தை நிரப்ப உதவலாம். 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தை அவர்களுக்கு விளக்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சார்ந்தோர் மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் கற்பிக்கலாம். மாணவரும் பதிலுக்குச் சிறிது ஒடியாவோ வங்காளமோ கற்றுக்கொள்ளலாம். கிராம சபை கூடுவதற்கு ஒரு வாரம் முன்னே அவர்கள் குடியிருக்கும் இடத்திற்குச் சென்று, குறைகளைக் கேட்டு எழுதிவந்து, அங்கத்தினர் ஒருவர் வாயிலாகச் சபையில் வாசிக்கச் செய்யலாம். கேட்டறிவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு அமையுங்கால், அப்பள்ளியில் புதியோரின் குழந்தைகள் பயின்றால், அக்குழந்தைகளின் தாய் ஒருத்தியேனும் உறுப்பினராகும்படி தலைமையாசிரியரிடம் எடுத்துரைக்கலாம்.

மிஷன் கல்லூரியிற் பயிலும் நமக்கு ரூத்தின் கதை பழக்கமானது. மோவாப் தேசத்தினின்றும் வந்த அந்த விதவைக்குப் பெத்லகேம் ஊரார் முதலில் தந்தது, அறுவடை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் இடம். அதனோடு கதை முடிந்திருக்குமாயின் அஃது ஒரு தயையின் கதையாகவே நின்றிருக்கும். பின்னர்ப் போவாஸ் ஊர்வாசலுக்குச் சென்று, மூப்பர் பதின்மரை இருத்தி, மக்கள் முன்னிலையில் அவளுடைய காரியத்தை முடித்தான். ஊர்க் காரியங்கள் தீர்மானிக்கப்பட்ட இடம் அதுவே. அங்கே தீர்ந்தபின்பே அவள் அவ்வூர்க் குடியானாள். தாவீது அரசன் அவள் வழியிற் பிறந்தான். ஆனால் அந்த ஊர்வாசலில் ரூத் பேசியதாகக் கதை கூறவில்லை. அவளுக்காகப் பிறர் பேசினர். அவளே பேசுவதற்கு ஓர் இடம் தருவது நம் காலத்தாருடைய கடமை.

செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி 1956ஆம் ஆண்டு அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்–கொச்சி இராஜ்யத்தைச் சார்ந்திருந்தது. மறுநாள் சென்னை இராஜ்யத்தைச் சார்ந்தது. அவ்வூர் மக்கள் தம் வீட்டுத் திண்ணையை விட்டு அசையாமலே ஒரு மாநிலத்தினின்று மற்றொன்றிற்குக் குடிபெயர்ந்தனர். எல்லைகளும் பெயர்களும் இவ்வாறு மாறிக்கொண்டிருக்கும் நாட்டில், யார் பழையோர், யார் புதியோர் என்று கோடு கிழித்தல் எளிதன்று. அடுத்த கிராம சபை நாளன்று மாணவ நண்பர்கள் விடுமுறையில் தம் ஊரில் இருப்பார்களாயின், சபைக்குச் சென்று, வந்திருப்போரை எண்ணுவதோடு வராதவர் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக. பின்பு அவ்வராதவருள் ஒருவருடைய வீட்டிற்குச் சென்று, குடிநீர் எப்படி வருகின்றது என்று கேட்பாராக. வீரகேரளம்புதூரில் முதன்முதலில் வந்து குடிசையிட்டவனிடமும் பக்கத்து ஊரான் ஒருவன் இவ்வாறு ஏதேனும் கேட்டிருத்தல் கூடும்.